பழைய ஃபோர் வீல் பிக்கப்: ஊளைச் சத்தம், 'டக்', முன் சக்கரம் இழுக்கல. வாங்கலாமா?

#1 மண்பாதை

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளா தேடிட்டிருந்த மாதிரியே ஒரு டபுள் கேப் பிக்கப் கண்ணுல பட்டிருக்கு. இருபது வருஷத்துக்கு மேல ஓடின டீசல், மேனுவல் கியர், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (வேணும்போது மட்டும் லீவர் போட்டு முன் சக்கரத்தையும் சேர்த்துக்கிறது). ஓடோமீட்டர் 2,40,000 கி.மீ. காட்டுது. சேசிஸை சுத்தியலால தட்டிக்கிட்டே போனேன், மேல்துரு தவிர எங்கேயும் பொத்தல் இல்ல. இன்ஜின் குளிர்ந்து கிடந்தப்பவே ஒரே சாவியில எழுந்துச்சு, புகையும் இல்ல.

மனசை உறுத்துறது கீழே இருக்கிற சமாச்சாரம்தான். 50ஐத் தாண்டினதும் பின்னாலேர்ந்து ஒரு ஊளை. ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஏறுது, காலை எடுத்தா அடங்கிடுது. நின்னு கிளம்பும்போது கிளட்சை விட்டதும் அடியில 'டக்'. அப்புறம் ஃபோர் வீல் லீவர் ஒழுங்கா விழுது, டேஷ்போர்டுல பச்சை விளக்கும் எரியுது, ஆனா ஒரு மணல் மேட்டுல ஏத்தினா பின் சக்கரம் மட்டும் குழி தோண்டுது. முன் சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்குது.

விக்கிறவர், "சத்தம் டயர் சத்தம் சார், ஃபோர் வீல் வந்து சின்ன வேக்குவம் ட்யூப் வேலை, அரை நாள்ல முடிஞ்சிடும்"ங்கிறார். நம்பலாமா?

இன்னொண்ணு, பெரிய விஷயம் இல்ல: ஸ்பீடோமீட்டர்ல 66 இருக்கும்போது போன் ஜிபிஎஸ் 60தான் காட்டுச்சு. சின்ன டயர் போட்டிருப்பாங்கபோல.

#2 நடுரோடு

அரை நாள் வேலைன்னா அவரே செஞ்சுட்டு ரெண்டு மடங்கு விலைக்கு விக்கலாமே? ஏன் செய்யல? இந்த ஒரு கேள்வியிலயே பதில் இருக்கு. அடுத்த வண்டி பாருங்க.

#3 கிரீஸ்கை

தம்பி, விக்கிறவர் சொல்ற வைத்தியத்தை வாங்குறவன் கேக்கக் கூடாது. அதுக்காகப் பார்க்காமலேயே ஓடவும் வேண்டாம். இந்த வயசு வண்டியில சத்தமே இல்லைன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வரும், கெட்டி ஆயிலை ஊத்தி அமுக்கி வெச்சிருப்பாங்க.

முதல்ல ஊளை. டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும், ஆக்சிலரேட்டருக்கு மாறாது. வீல் பேரிங் சத்தம் வண்டியை இடம் வலம் லேசா ஆட்டினா கூடும் குறையும், ஏன்னா பாரம் ஒரு பக்கமா சாயுது. மிதிச்சா கத்துது, விட்டா அடங்குதுன்னா அது கிரவுன் பினியன் சத்தம் (ஷாஃப்ட் சுத்துறதைச் சக்கரத்துப் பக்கம் திருப்பி விடுற பல்சக்கர ஜோடி, பின் ஆக்சில் உறையான ஹவுசிங்குக்குள்ள இருக்கும்). பல்லு மேல பல்லு உட்கார்ற இடம் சரியில்ல. ஒண்ணு தேஞ்சிருக்கும், இல்லேன்னா யாரோ ஹவுசிங்கைப் பிரிச்சு செட்டிங் சரியா வைக்காம மூடியிருக்கணும்.

'டக்'குக்கு பயப்படாதீங்க, அதுக்குக் காரணம் நிறைய. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வெச்சுட்டு, இன்ஜினை அணைச்சு, நியூட்ரல்ல போட்டு ஜாயின்ட் ஷாஃப்டை (பின் ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டு போற நீளத் தண்டு) கையால பிடிச்சு முறுக்குங்க. கிராஸுக்கும் (ஷாஃப்ட் முனையில இருக்கிற பிளஸ் வடிவ மூட்டு) அதைப் பிடிக்கிற கவையான யோக்குக்கும் நடுவுல துளி ஆட்டம் இருந்தாலும் கிராஸ் போச்சு. கப் ஓரத்துல மிளகாய்ப்பொடி கலர்ல தூசி படிஞ்சிருந்தா உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாம துருவாகிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அது சாதாரண வேலை. ஆனா பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் ஆக்சிலோட சேர்ற தட்டு) பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. சுத்துற திசையில கொஞ்சம் பிளே இருக்கலாம், மேலும் கீழும் இருக்கவே கூடாது. இருந்தா பினியன் பேரிங் காலி.

#4 பல்சக்கரம்

கிரீஸ்கை அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஷாஃப்டின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாய்வாக வேலை செய்யும் ஒரு கிராஸ், உள்ளே சீராக வரும் சுழற்சியை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமாக்கி இரண்டு முறை மெதுவாக்கி வெளியே தள்ளும். மறுமுனைக் கிராஸ் அதே அளவு சாய்வில், சரியான நிலையில் இருந்தால்தான் முதல் கிராஸ் செய்த குழப்பத்தை அது சமன் செய்யும். ஷாஃப்டின் நடுவில் உள்ள ஸ்ப்ளைனை (நீளவாக்கில் பல் வெட்டிய சறுக்கு இணைப்பு) கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் அந்தச் சமன் கெட்டுவிடும். பிறகு எத்தனை கிராஸ் மாற்றினாலும் அதிர்வு போகாது. ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டிகளிலும் இதே தொல்லை, அங்கே இரண்டு முனைச் சாய்வும் வேறுவேறாகிவிடும்.

ஸ்பீடோமீட்டர் பற்றிக் கவலை வேண்டாம். ஐ.நா. ஒழுங்குமுறை 39இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கி.மீ.யும் வரை. 60இல் போகும்போது 70 வரைக்கும் இடம் உண்டு. 66 அதற்குள் அடங்குகிறது.

#5 ரிவர்ஸ்கியர்

டயர் சைஸை மட்டும் விட்டுடாதீங்க ப்ரோ. நான் பட்டவன். வாங்கினப்ப முன்னாடி ரெண்டும் புதுசு, பின்னாடி ரெண்டும் வழுக்கை. "முன்னாடியாவது புதுசா இருக்கே"ன்னு சந்தோஷப்பட்டேன். மழைன்னு 4 ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டு ஓட்டினேன், மழை விட்ட பிறகும் எடுக்க மறந்துட்டேன். காய்ஞ்ச தார் ரோட்டுல எவ்வளவு தூரம் போனேன்னு தெரியாது. லீவரைத் திருப்பி இழுத்தா அசையவே இல்ல. அப்படியே ரெண்டு மூணு தடவை ஆச்சு. ஒரு நாள் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் சுழற்சியைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) உள்ளேர்ந்து செயின் அறுந்து உறையைக் குத்திட்டு வெளியே எட்டிப் பார்த்தது. ரோடு முழுக்க ஆயில்.

#6 பல்சக்கரம்

அது ஏன் என்பதற்குக் கணக்கு: டயர் விட்டம் 780 மி.மீ. என்று வையுங்கள். 8 மி.மீ. டிரெட் தேய்ந்தால் விட்டத்தில் 16 குறையும், ஏறத்தாழ 2 சதவீதம். ஒரு கிலோமீட்டர் ஓடும்போது முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் சுமார் 20 மீட்டர் தூரத்துக்கு முரண்படும். பார்ட் டைம் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால், அந்த 20 மீட்டரை யாராவது ஒருவர் சறுக்கித்தான் தீர்க்க வேண்டும். மண்ணில் டயர் சறுக்கிவிடும். தாரில் சறுக்காது, முறுக்கு எல்லாம் செயினுக்குள்ளும் கிராஸுக்குள்ளும் ஏறும்.

திருப்பத்தில் இன்னும் மோசம். பின் அச்சு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது, வீல்பேஸ் 2.8 மீட்டர் உள்ள வண்டியின் முன் அச்சு 5.7 மீட்டர் ஆரத்தில் போகிறது. அதனால்தான் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போட்டு முழுசாக ஸ்டியரிங் ஒடித்தால் வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் நிற்கிறது.

#7 மண்பாதை

மறுபடி போய்ப் பார்த்துட்டு வந்தேன். நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ், தேய்மானமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்ட அதே சைஸ். அதனால டயர் இல்ல.

பின் ஷாஃப்ட்ல முன்பக்க கிராஸ் ஆடுது, அண்ணன் சொன்ன அதே சிவப்புத் தூசி. ஸ்ப்ளைனும் காய்ஞ்சு கிடக்கு. பினியன் மேலும் கீழும் ஆடல. முன் ஷாஃப்ட் இருக்கு (யாரோ கழட்டி வெச்சிருப்பாங்களோன்னு பயந்தேன்).

4 ஹெச் போட்டு மண் தரையில முழுசா ஒடிச்சு வட்டம் அடிச்சேன். எந்த இறுக்கமும் இல்ல, வெண்ணெய் மாதிரி திரும்புது.

#8 கிரீஸ்கை

அப்ப முன்னாடி பூட்டவே இல்ல. உங்க வண்டியில முன் ஆக்சில்ல ஒரு பக்கத்து ஷாஃப்ட் ரெண்டு துண்டா இருக்கும், நடுவுல ஒரு காலர். வேக்குவம் (ட்யூப் வழியா இன்ஜின் பக்கத்துலேர்ந்து வர்ற உறிஞ்சு விசை) வந்தா காலர் நகர்ந்து ரெண்டையும் சேர்க்கும். சேர்க்கலைன்னா ஒரு பக்கம் அவிழ்ந்தே கிடக்கும், டிஃபரென்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கிற பல்சக்கரத் தொகுதி) அந்த அவிழ்ந்த பக்கத்தைச் சும்மா சுத்தி விட்டுட்டு மறுபக்கத்துக்கும் இழுவை கொடுக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை செய்யும், முன் ஷாஃப்ட் சுத்தும், சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது.

பச்சை விளக்கை நம்பாதீங்க. பல வண்டியில அந்த ஸ்விட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸ்லதான் இருக்கு. லீவர் நகர்ந்துதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

ட்யூபைத் தொட்டுக்கிட்டே போங்க, ரெண்டு முனையும் எங்கே முடியுதுன்னு பாருங்க. நடுவுல விரிசல், எலி கடி, கழண்ட முனை, ஏதாவது இருக்கும்.

#9 மண்பாதை

அண்ணே, விரிசலும் இல்ல, எலியும் இல்ல. காலரை நகர்த்துற ஆக்சுவேட்டருக்குப் போற ட்யூப் பாதி வழியில வெட்டியிருக்கு. இன்ஜின் பக்கத்து முனையில ஒரு சின்ன போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்காங்க. ஆக்சில் பக்கத்து முனையை டேப் சுத்தி சேசிஸோட சேர்த்துக் கட்டியிருக்கு. டேப் எல்லாம் கல்லு மாதிரி காய்ஞ்சு போச்சு, பல வருஷம் ஆகியிருக்கும்.

விக்கிறவர்கிட்ட காட்டினேன். அவருக்கே அதிர்ச்சி. நாலு வருஷம் முன்னாடி வாங்கினாராம், ஒரு நாளும் ஃபோர் வீல் போட்டதே இல்லையாம். "ட்யூப் வேலை"ங்கிறதும் அவருக்கு முன்னாடி வெச்சிருந்தவர் சொன்னதாம்.

#10 நடுரோடு

கெட்டுப் போன ட்யூப் வேற, அடைச்ச ட்யூப் வேற. கிளாம்ப் போட்டு இறுக்குற அளவுக்கு ஒருத்தன் மெனக்கெட்டிருக்கான்னா அவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கு. முன் டிஃபரென்ஷியல் பொடியாகியிருக்கும். நான் முதல்லயே சொன்னேன்.

#11 ரிவர்ஸ்கியர்

பொடியாகியிருந்தா ஆயில் சொல்லிடுமே? மூணு இடத்துலயும் வடிகால் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க: முன் ஹவுசிங், பின் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ். போல்ட் முனையில இருக்கிற காந்தத்துல சாம்பல் கலர் விழுது இருந்தா அது இயல்பு. ஊசி, செதில், பல் துண்டு இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. முதல்ல நிரப்புற போல்ட்டைக் கழட்டுங்க. அது திறக்கலைன்னா வடிச்ச பிறகு மறுபடி ஆயில் ஊத்த வழி இருக்காது, அடுத்தவர் வண்டியோட அங்கேயே நிப்பீங்க. சிரிக்காதீங்க, நான் நின்னிருக்கேன்.

#12 மண்பாதை

விக்கிறவர் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டார், ஆயில் செலவு என்னோடது.

முன் ஹவுசிங்: ஆயில் தேன் மாதிரி தெளிவு. காந்தத்துல மெல்லிசா விழுது. பொடி இல்ல, துண்டு இல்ல.
டிரான்ஸ்ஃபர் கேஸ்: கொஞ்சம் கருப்பு, அவ்வளவுதான்.
பின் ஹவுசிங்: காப்பி கலர், பால் கலந்த மாதிரி. விழுது கனமா இருந்துச்சு. விரல்ல தேச்சா லேசா மினுக்குது, ஆனா நெருடல. ஹவுசிங் மூடி ஓரத்துல ஆரஞ்சு கலர் சிலிகான் பிதுங்கி நிக்குது, முன் ஹவுசிங் ஓரத்துல அப்படி எதுவும் இல்ல.

#13 கிரீஸ்கை

பால் கலர்னா தண்ணி. பிரீதர் (ஹவுசிங் மூச்சு விடுற சின்னத் துவாரம்) அடைஞ்சிருக்கும். சூடான ஹவுசிங் தண்ணியில இறங்கினதும் உள்ளே காத்து சுருங்குது, பிரீதர் வழியா மூச்சு விட முடியலைன்னா ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். அது தனிக் கதை.

சிலிகான்தான் எனக்கு முக்கியம். பின்னாடி ஒருத்தன் பிரிச்சிருக்கான். முன்னாடி யாரும் தொடல, ஆனா முன்னாடியைத்தான் அவிழ்த்து விட்டிருக்கான். நல்லா இருக்கிற கையைக் கட்டிப் போட்ட மாதிரி. ஏன்?

#14 பல்சக்கரம்

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். ஸ்பீடோமீட்டரை அலட்சியமாகத் தள்ளியிருக்கக் கூடாது.

அறுபதுக்கு அறுபத்தாறு என்றால் சரியாக 10 சதவீதம். டயர் ஸ்டிக்கரில் உள்ள அதே சைஸ் என்று #7இல் சொல்லிவிட்டீர்கள், ஆக டயர் காரணமில்லை. இந்தப் பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. அது எண்ணுவது ஷாஃப்டின் சுற்றை, சக்கரத்தின் சுற்றை அல்ல. சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் முன்பைவிட 10 சதவீதம் அதிகமாகச் சுற்றினால் மீட்டரும் 10 சதவீதம் கூட்டிச் சொல்லும்.

4.10, 3.73 இரண்டும் கிரவுன் பினியன் விகிதங்கள், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை. 4.10ஐ 3.73ஆல் வகுத்துப் பாருங்கள். 1.099.

பின் கிரவுன் பினியன் வேறு விகிதம் என்பது என் சந்தேகம். அப்படியென்றால் முன்னாடியைப் பூட்டினால் கிலோமீட்டருக்கு 20 மீட்டர் அல்ல, 100 மீட்டர் முரண்படும். போல்ட் சொருகியவர் மடையர் இல்லை.

#15 மண்பாதை

பிரிக்காம எப்படிப் பார்க்கிறது?

#16 கிரீஸ்கை

எண்ணிப் பாருங்க. சமதளமான கெட்டித் தரை. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. பின்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கி ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்ட். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக்கை எடுத்து விடுங்க, அது பின் சக்கரத்தைப் பிடிக்கும். கவனம், இந்த நிலையில வண்டியைப் பிடிச்சு நிறுத்துறது அந்தக் கட்டைங்க மட்டும்தான். ஒரு ஆளும் அடியில போகக் கூடாது, பக்கத்துல உட்கார்ந்து டார்ச் அடிச்சுப் பாருங்க.

டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட்ல ஒரு கோடு. தூக்கின சக்கரத்தைச் சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. இன்னொரு சக்கரம் தரையில நிக்கிறதால ரெண்டு சுத்துக்கு கிரவுன் ஒரு சுத்துதான் சுத்தும். ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதுதான் விகிதம். 4.10னா நாலு சுத்தும் ஒரு நூலும். 3.73னா மூணே முக்காலுக்குத் துளி கம்மி. எல்எஸ்டி (ரெண்டு சக்கரமும் தனித்தனியா சுத்துறதைத் தடுக்கிற டிஃபரென்ஷியல்) இருந்தா இது ஆகாது, ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஒவ்வொரு சுத்து சுத்தணும்.

அப்புறம் முன்னாடியும் அதே மாதிரி, பின் சக்கரத்துக்குக் கட்டை, டிரான்ஸ்ஃபர் 2 ஹெச்ல (பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை).

#17 மண்பாதை

பின்னாடி: நாலு சுத்து, அதுக்கு மேல கொஞ்சம். மூணு தடவை எண்ணினேன், மூணு தடவையும் அதேதான்.

முன்னாடி குழப்பம். சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்தினா ஷாஃப்ட் அசையவே மாட்டேங்குது, எப்பவாவது லேசா தள்ளாடுது.

#18 பல்சக்கரம்

காலர் பூட்டாமல் எண்ணினால் அப்படித்தான். நீங்கள் சுற்றும் சக்கரம், ஷாஃப்டைச் சுற்றுவதற்குப் பதில் அவிழ்ந்து கிடக்கும் அரைத்துண்டைத் தலைகீழாகச் சுற்றிவிடுகிறது, அதுதான் அதற்குச் சுலபம். கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு வேக்குவம் கொடுத்து, சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். 'கிளக்' என்று காலர் உட்காரும். பிறகு எண்ணுங்கள்.

#19 மண்பாதை

கைப்பம்பு இரவல் வாங்கி இன்னிக்குத்தான் முடிச்சேன். டேப்பைப் பிரிச்சு ட்யூப் முனையில மாட்டி நாலு அழுத்து அழுத்தினதும் உள்ளே 'கிளக்'னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, இத்தனை வருஷம் தூங்கின சாமான் அது. வேக்குவமும் இறங்கல, பம்பு மீட்டர் ஊசி அப்படியே நின்னுச்சு.

முன்னாடி: மூணே முக்கால், துளி கம்மி.

#20 பல்சக்கரம்

ஆக, பின் ஆக்சில் என்றோ உடைந்திருக்கிறது. கைக்குக் கிடைத்த 4.10ஐ மாட்டியிருக்கிறார்கள், செட்டிங்கும் சரியில்லை, அதனால் ஊளை. ஃபோர் வீல் போட்டதும் வண்டி முறுக்கிக்கொண்டு நின்றிருக்கும், முன்னாடியை அவிழ்த்துவிட்டார்கள்.

#21 நடுரோடு

சரி, முன் டிஃபரென்ஷியல் பொடின்னு சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா முடிவு மாறல. மறைச்சு வெச்ச வண்டி.

#22 கிரீஸ்கை

மறைச்சவர் வேற, விக்கிறவர் வேற. எனக்கென்னவோ இது நல்ல செய்தியாத்தான் தெரியுது. மூணு வியாதின்னு நினைச்சோம், மருந்து ஒண்ணுதான். இதே மாடல்ல 3.73 பின் ஆக்சில் முழுசா ஒண்ணு கிடைச்சா ஊளை போச்சு, ஃபோர் வீல் வந்துச்சு, ஸ்பீடோமீட்டரும் திருந்திடும். கிராஸ் தனியா மாத்திக்கலாம். பழைய இரும்புக் கடையில பின் ஆக்சில் கிடைக்கிற மாதிரி முன் ஆக்சில் கிடைக்காது, அதனால 4.10க்கு முன்னாடியை மாத்துற வேலையில இறங்காதீங்க.

விலை பேசும்போது இதை ஃபோர் வீல் வண்டின்னு பேசாதீங்க. ரெண்டு சக்கரம் இழுக்கிற, பின் ஆக்சில் போன வண்டின்னு பேசுங்க. அதுக்கு மேல ஒரு காசு வேண்டாம்.

#23 ரிவர்ஸ்கியர்

அதோட, அந்தப் பின் ஆக்சில் எப்ப மாறுச்சோ அதுலேர்ந்து ஓடோமீட்டரும் பத்து பர்சென்ட் கூட்டித்தான் எண்ணியிருக்கு. மீட்டரைத் திருப்பி வெச்சு விக்கிற காலத்துல தானாவே அதிகமா காட்டுற வண்டியை இப்பத்தான் கேள்விப்படுறேன்.

#24 மண்பாதை

வாங்கிட்டேன். எண்ணின கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி, சாக்பீஸ் கோட்டையும் காட்டினேன். முதல்ல முறைச்சார். அப்புறம் அவரையே சுத்தச் சொல்லி எண்ண வெச்சேன். நாலுன்னு அவர் வாயாலயே வந்ததும் விலை தானா இறங்குச்சு.

அதே மாடல் உடைப்புக்கு வந்த இடத்துல ஒரு பின் ஆக்சில் இருக்கு. போய் தரையிலயே வெச்சு ரெண்டு டிரம்மையும் ஒவ்வொரு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூணே முக்கால், துளி கம்மி. பினியன் ஆட்டம் இல்ல, ஆயிலும் சுத்தம். சீலும் பிரீதரும் புதுசா போட்டு ஏத்தப் போறோம்.

#25 ரிவர்ஸ்கியர்

வாழ்த்துகள்! வேக்குவம் ட்யூபை முதல்ல மாத்திட்டீங்களா? அது அரை நாள் வேலைதானே.

#26 மண்பாதை

புது ட்யூப் வாங்கி வண்டிக்குள்ளேயே வெச்சிருக்கேன். ஆக்சில் ஏறுற வரைக்கும் அந்த போல்ட் அங்கேயே இருக்கட்டும்னு கிரீஸ்கை அண்ணன் சொல்லிட்டார். மறதியில யாராவது லீவரைத் தொட்டுட்டா?